மிச்சம் பிடித்த தண்ணீர்

எங்கள் தையல் கம்பெனியில் தினமும் இரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் மிச்சமாகிறதாம். எப்படி என்று என்னைக் கேளுங்கள். நூற்றெண்பது பெண்களுக்கு நாலு கக்கூஸ். அதில் இரண்டைப் போன சித்திரையில் பூட்டிவிட்டார்கள். மற்ற இரண்டுக்கும் போக லைனுக்கு, அதாவது ஒரு மெஷின் வரிசைக்கு, ஒரே டோக்கன். அது கைக்கு வருவதற்குள் உயிர் போய்விடும். அதனால் காலையில் விராலிமலை பஸ் ஏறினால், சாயங்காலம் வீடு திரும்பித்தான் தண்ணீர் குடிப்போம்.

எனக்கு இரண்டு தடவை நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தன. மூன்றாவது தடவை டாக்டரம்மா, "இப்படியே போனா கிட்னி போயிரும். தண்ணி குடிங்க," என்றார். குடிக்கலாம். அப்புறம் எங்கே போவது?

செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிய ஆள். சுற்றுச்சூழலை எப்படிக் காப்பாற்றுகிறோம் என்று பார்த்து மார்க் போடுவார். மேனேஜர் ரகுநாத் முந்தின நாளே என்னைக் கூப்பிட்டார்.

"சுகுணாக்கா, நீங்க நல்லாப் பேசுவீங்க. நாங்களா விரும்பித்தான் மிச்சம் பண்றோம்னு சொல்லிருங்க."

தலையாட்டிவிட்டேன். என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

மேடம் நோட்டைத் திறந்தார். "தண்ணி மிச்சம் பண்ண நீங்க என்னம்மா பண்றீங்க?"

அடிவயிறு சுருக்கென்று இழுத்தது. "குடிக்கிறதில்லைங்க மேடம்," என்றேன்.

ரகுநாத் சிரித்து மழுப்பினார். மேடம் தயங்கி, "ஆளுங்க விஷயத்துக்கு வேற ஒருத்தர் வருவாங்கம்மா. நான் தண்ணி, கரண்ட், கழிவு மட்டும்தான்," என்றார்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "இதுவும் தண்ணிதானே மேடம்? இங்கிட்டு வாங்க, காட்டுறேன்."

வந்தார். பூட்டைப் பார்த்தார். டோக்கனோடு நெளிந்துகொண்டு நின்ற ஏழு பேரைப் பார்த்தார். நோட்டில் எழுதியிருந்த இரண்டாயிரத்தைக் குறுக்கே அடித்தார். "இதைச் சேமிப்புன்னு எழுத முடியாது சார்," என்றார் ரகுநாத்திடம்.

வெள்ளிக்கிழமை பூட்டை எடுத்தார்கள், டோக்கனையும் நிறுத்தினார்கள். கூடவே என்னைத் தையலிலிருந்து எடுத்து இஸ்திரியில் போட்டார்கள். பதினாறு வருஷம் மெஷினில் உட்கார்ந்தவள் இப்போது நாள் முழுக்க நின்று ஆவியில் வேகிறேன். கால் வீங்கிப்போகிறது. கோபப்படக்கூடத் தெம்பில்லை.

நேற்று என் பழைய லைனிலிருந்து மருதாயி பாட்டிலோடு வந்தாள். "இந்தாக்கா, குடி. இனி என்ன பயம்?"

முழுசையும் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் போய்விட்டு வந்தேன்.