வால்வு சூடாகும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏன்தான் வருகிறதோ என்றிருக்கும் நாகஜோதிக்கு. அன்றுதான் புருஷன் விக்னேஷ்வரன் அவளை ஆம்ப்ளிஃபயருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைப்பான். வால்வை மாற்றி மாற்றிப் போட்டுப் பாட்டுக் கேட்கச் சொல்வான்.

"இது நல்லாருக்கா, முந்திப் போட்டது நல்லாருக்கா?"

பழைய ரேடியோக்களில் இருக்குமே, கண்ணாடிக் குப்பி மாதிரி, அந்த வால்வுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் உண்டு என்பான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீட்டு முன்னறையிலேயே டிவி, மிக்ஸி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். கல்யாணமான புதிதில், தன் கையால் கட்டிய ஆம்ப்ளிஃபயரை முதலில் அவளுக்குத்தான் போட்டுக் காட்டினான். ஒரு வால்வை மாற்றியதும், "இப்பத்தாங்க பாடுறவ மூச்சு எடுக்கிறது கேக்குது" என்றாள் அவள், சாதாரணமாக. அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "மீட்டர் எதுக்குண்ணே? எங்க வீட்டுக்காரி காது ஒண்ணு போதும்" என்று பெருமையடித்தான்.

அந்தக் காது இப்போது இல்லை. அது அவளுக்கும் அவளோடு வேலை பார்க்கும் பெத்தம்மாளுக்கும் மட்டும்தான் தெரியும்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அவளுக்கு வேலை. ஓடும் மெஷின்களுக்கு நடுவே, அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே நடக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் யாரும் குரலெடுத்துப் பேசுவதில்லை. இங்கிருந்து உதட்டை அசைத்தால் அந்தக் கோடியில் நிற்பவள் பதில் சொல்லிவிடுவாள். காதில் பஞ்சை அடைத்துக்கொள்வார்கள். அவன் புது ஜோடி வால்வுக்கு ஆசைப்பட்ட மாதங்களிலெல்லாம் நாகஜோதி இரட்டை ஷிப்டு பார்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் மில் ஓடியது. பிறகு அது நிற்கவே இல்லை. மற்ற சத்தங்களெல்லாம் அதற்கு அடியில் அமுங்கிப்போயின.

மில்லில் பழகிய உதட்டுப் பேச்சை வைத்து வீட்டில் சமாளித்தாள். பாட்டுக்கு உதடு கிடையாது. அதற்கு அவன் முகத்தைப் பார்த்தாள். பிடித்த வால்வு பாடினால் அவன் இடது புருவம் லேசாக ஏறும். "இதுதாங்க" என்பாள். அவன் முகம் மலர்ந்துவிடும்.

"சொல்லித் தொலைய வேண்டியதுதானட்டி" என்று மில் வேனில் பெத்தம்மாள் திட்டுவாள். "புருசன்தான, கடிச்சா திங்கப் போறாரு?"

"சொன்னா பொறவு என்னைய அந்த நாற்காலில உக்கார வைக்க மாட்டாவ, மதினி."

"ஆமா, பெரிய சிம்மாசனம்!"

அந்த ஞாயிற்றுக்கிழமை, ரஷ்யாவிலிருந்து வரவழைத்த ஜோடி வந்திருந்தது. ஆம்ப்ளிஃபயரைத் தூசி தட்டித் துடைத்துப் புது வால்வுகளைப் பொருத்தினான். சுவிட்சைப் போட்டு, பாட்டை ஓடவிட்டு, வால்யூமைத் திருகினான். வால்வு சூடாகிக் குரல் வரச் செத்த நேரம் ஆகும். அதற்குள் அவன் வாசல் பக்கம் திரும்பினான். யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும்.

"சங்கையா அண்ணன் கிரைண்டர் கொண்டாந்திருக்காரு. நீ கேட்டுக்கிட்டு இரு, வாரேன்."

வால்வுகளுக்குள் கம்பி மெல்லச் சிவந்தது. சிவந்துவிட்டால் பாட்டு வந்துவிட்டது என்பது அவள் கணக்கு. திரும்பி வரும்போது அவன் பார்க்கட்டும் என்று முழங்காலில் விரலால் தாளம் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஏதோ வாடை அடித்தது. புது வால்வின் சூட்டு வாடை என்று இருந்துவிட்டாள்.

அவன் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினான். பின்பக்கம் புகைந்தது.

"பாட்டு கேட்டுச்சா?"

"கேட்டுச்சே. குரல் அம்புட்டுத் தெளிவுங்க."

அவன் பின்னால் கைவிட்டு இரண்டு ஒயர்களைத் தூக்கிக் காட்டினான். ஸ்பீக்கர் ஒயர்கள். துடைக்கும்போது கழற்றியவற்றை மாட்ட மறந்திருந்தான். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு செட்டை ஓடவிட்டால் டிரான்ஸ்பார்மர் வெந்துபோகும் என்று அவளிடமே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான்.

தலையைக் குனிந்துகொண்டு ஏதோ கேட்டான்.

"என்னையப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் எல்லாம் வெளியே வந்துவிட்டது தெரிந்தது.

நிமிர்ந்தான். "எம்புட்டு நாளா?"

"நாலஞ்சு வருசம் இருக்கும்."

"அப்ப, இது நல்லாருக்கு, அது நல்லாருக்குன்னு சொன்னதெல்லாம்?"

"உங்க மூஞ்சியப் பார்த்துத்தான்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் மூஞ்சியக் கேட்டா இம்புட்டையும் வாங்குனேன்? கண்ணாடியில பார்த்திருந்தா ஓசியில முடிஞ்சிருக்குமேட்டி!" சிரித்து ஓய்ந்த பிறகும் அவன் தோள்கள் குலுங்குவது நிற்கவில்லை. "ரெட்டை ஷிப்டு... இதுக்காகவா பார்த்த?"

அவள் அவன் கையிலிருந்த ஒயர்களை வாங்கிக் கீழே வைத்தாள்.

"போனது போனதுதான். மில்லை விட்டா மிச்சமிருக்கிற காதாவது தங்கும்" என்று ராஜபாளையத்துக் காது டாக்டர் சொல்லிவிட்டார். நாகஜோதி வேலையை விட்டாள். அவன் அலமாரியிலிருந்த வால்வுகளையெல்லாம் சென்னைக்காரர் ஒருவருக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் காது மெஷின் வாங்க அவளை அழைத்துப் போனான். அங்கே கடையிலிருந்த பெண் மெஷினை அவள் காதில் பொருத்திவிட்டு, "பேசுங்க சார்" என்றாள்.

"ஜோதி."

தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டதுபோல் இருந்தது. நாகஜோதி அங்குமிங்கும் பார்த்தாள்.

"நான்தாட்டி."

"உங்க குரல் இப்படி இருக்காதே."

பழகப் பழகச் சரியாகும் என்றாள் அந்தப் பெண். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று காதுக்குள் இடித்தது. நாகஜோதி மெஷினைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். அவன் பார்த்தான்.

"ஏதாவது பேசுங்க" என்றாள். "இப்படித் திரும்பி."

"என்னத்தப் பேச?"

"என்னத்தையாவது."

வீட்டில் அரிசி தீர்ந்திருப்பதை, சங்கையாவின் கிரைண்டர் இன்னும் கடையிலேயே கிடப்பதைச் சொன்னான். அவள் அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் கேட்ட குரல் அவற்றோடு சேர்ந்து உள்ளே ஒலித்தது. நடுவில் அவன் உதடு நடுங்கியது. அந்த ஒரு சொல் மட்டும் அவளுக்குப் புரியவில்லை. என்னவென்று அவள் கேட்கவில்லை.