வினிகருக்குப் பொங்காத மண்

"எங்க ராயபுரம் மண்ணுல இன்னாத்த நட்டாலும் மொளைக்கும்!" கல்யாணத்துக்கு முன்னால் லியோனார்ட் போனில் விட்ட சவடால் அது. கொடைக்கானல் பெண் மெர்லின் அதை நம்பித்தான் கழுத்தை நீட்டினாளோ என்னவோ, மறக்கவில்லை. டிசம்பர் பிறந்ததும் அவளுடைய அண்ணன் ஸ்ட்ராபெரி நாற்றுகளை ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் போட்டுவிட்டான். இன்று பொழுது சாய்வதற்குள் நட்டாக வேண்டும். இல்லாவிட்டால் செடியும் போச்சு, புது மாப்பிள்ளையின் மானமும் போச்சு.

மொட்டை மாடியில் மீன் பெட்டி நிறைய மண்ணைக் கொட்டிவிட்டு லியோனார்ட் மார்தட்டி நின்றான். மெர்லின் ஒரு பிடி அள்ளிக் கிண்ணத்தில் போட்டு, மாமியார் ஹில்டா ஊறுகாய்க்கு வாங்கி வைத்திருந்த வினிகரை ஊற்றினாள். புஸ்ஸென்று பொங்கியது.

"சுண்ணாம்புங்க. ஸ்ட்ராபெரிக்குக் கொஞ்சம் புளிச்ச மண்ணுதான் ஆகும். உங்க ஊரு மண்ணு பூரா கிளிஞ்சல்."

"கடலாண்ட கிளிஞ்சல் இல்லாம இன்னா கீதாம்?" என்று முனகிக்கொண்டே ஓடினான். சர்ச்சுக்குப் பின்னாலிருந்து அள்ளி வந்தது, புஸ். காலடிப்பேட்டையிலிருந்து கொண்டுவந்தது, புஸ் புஸ்.

"உங்க ஊரே சோடாக் கடைங்க!" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்து மூட்டை சுமப்பான், கிறுக்கன். 'உங்க ஊரு' என்பதுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

கடைசியில் ஸ்கூட்டரைப் பெரம்பூர் நர்சரிக்கு விட்டான். செம்மண், இலை மட்கு, தென்னை நார்த்தூள். திரும்பும்போது உபைதுல்லா பாயின் டீக்கடை.

"பாய், வடிச்சுப் போட்ட டீத்தூளு மொத்தமும் குடு."

"இன்னா நைனா, அதுல மறுபடி டீ போடப் போறியா?"

"பொண்டாட்டிக்கு பாய்!"

பாய் வாளியைக் கொடுத்துவிட்டு அவன் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மண்ணுக்குக் கொஞ்சம் புளிப்பு ஏறட்டும் என்று டீத்தூளை அலசிக் கொட்டி, கையை முழங்கை வரை விட்டுக் கலந்தான். மெர்லின் வினிகரை ஊற்றினாள். இருவரும் குனிந்து காதை வைத்தார்கள்.

"ஒண்ணும் ஆவல! மெர்லின், ஒண்ணுமே ஆவல!" அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான்.

"டேய், மீன் ஊறுகாய்க்கு வெச்ச வினிகர் எங்கடா?" கீழேயிருந்து ஹில்டா கத்தினாள். யார் காதில் விழுந்தது!

கிறுகிறுப்பு அடங்கியதும் மெர்லின் மண்ணை மோந்து பார்த்தாள். "இது எந்த ஊரு மண்ணுங்க?"

பொய் நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டான். "மண்ணு பெரம்பூரு. டீத்தூளு பாயோடது. கலக்குனது நானு. அன்னிக்கு சொன்னது சும்மா உதாரு."

அவள் முதல் நாற்றைக் குழியில் வைத்தாள். அவன் கையை இழுத்து அதைச் சுற்றி மண்ணைத் தள்ள வைத்தாள்.

"பாத்து அமுக்குங்க," என்றாள். "நம்ம மண்ணு. இறுகிடக் கூடாது."