மூன்றாவது போத்தல்

நிஸ்மியா முதலில் சந்தேகப்பட்டது கருவியைத்தான்.

காத்தான்குடிக்காரியான அவள் ஜேர்மனியில் ஆய்வு செய்கிறாள். மட்டக்களப்பு வாவியின் பச்சைப் பாசி வெளிச்சத்தை எப்படிச் சக்தியாக்குகிறது என்று அறிய மூன்று மாதம் ஊரில் தங்கியிருந்தாள். பழுகாமத்து மீனவர் வினாயகமூர்த்தி, வாவி நடுவில் அவள் காட்டிய இடத்தில் கிழமைக்கு ஒரு போத்தல் தண்ணீர் அள்ளிக் கொடுப்பார். போத்தல் விமானத்தில் ஜேர்மனிக்குப் போகும். அங்கே சக ஆய்வாளர் கஜானி அதில் லேசரைப் பாய்ச்சுவாள். ஒரு வினாடியை இலட்சம் கோடித் துண்டாக உடைத்து, அப்படி ஒரு துண்டுக்குள் பாசியில் நடப்பதைக் காட்டும் கருவி அது.

“மூன்றாவது போத்தல் சரியில்ல,” என்றாள் கஜானி தொலைபேசியில். “வெளிச்சத்தின்ட சக்தி வழமைபோல பாசிக்குள்ள இருக்கிற மையத்துக்கு வந்து சேருது. அதுக்குப் பிறகு இலத்திரன் போற வழிதான் அடைபட்டுக் கிடக்கு.”

“கருவி பிழைச்சிருக்கும்.”

“மூன்று தரம் அளந்திட்டன். உங்கட ஆள் எங்க அள்ளினவர்?”

அந்தக் கேள்வி நிஸ்மியாவைக் குடைந்தது. அன்று போத்தலைத் தரும்போது வினாயகமூர்த்தி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் காலில் வயல் சேறு இருந்தது.

மறுநாள் காலை கரையில் அவர் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணன், அது நடுவாவித் தண்ணிதானா?”

“ஏன் மகள், மெசின் என்ன சொல்லுது?”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஆராவது எதையாவது கலக்கச் சொன்னாங்களா?”

அவர் வலையைக் கீழே போட்டார். “மெசின் சொன்னத நீங்க முதல்ல சொல்லுங்க.”

“பாசிக்குள்ள ஒரு வழி அடைபட்டிருக்கு. களைநாசினி பட்டா அப்பிடி அடைபடும்.”

அவர் தோணியைத் தண்ணீருக்குள் தள்ளினார். “ஏறுங்க தோணியில.”

வட்டை என்னும் வயல்வெளியிலிருந்து தண்ணீர் வடியும் வாய்க்கால் வாவியில் விழும் இடத்தில் தோணி நின்றது. ஓரமெல்லாம் இறால் குஞ்சுகள் செத்து வெளுத்துக் கிடந்தன.

“வயல்காரர் களைக்கு மருந்தடிச்ச கையோட தண்ணியத் திறந்து விடுறாங்க. கேட்டா, வெயிலுக்குச் செத்தது எண்டுறாங்க. அந்தப் போத்தல் இங்க அள்ளினதுதான்.”

“என்னட்டச் சொல்லியிருக்கலாமே!”

“உங்கள எனக்கு எப்பிடித் தெரியும்? சொல்லித் தந்தா, நான் சொன்னதையே நீங்களும் திருப்பிச் சொல்லுவீங்க. இல்லாட்டி வயல்காரர்ர பக்கம் நிப்பீங்க. அதுதான் சொல்லாமத் தந்தன்.”

நிஸ்மியாவுக்குக் கோபம் ஆறவில்லை. ஒரு கிழமை அளவீடு வீண். ஆனாலும் எங்கே எடுத்தது என்று சொல்லாமல் மாதிரியைக் கொடுத்துச் சோதிப்பது அவளும் செய்கிற வேலைதான். வாய்க்காலில் இரண்டு போத்தல் அள்ளிக் கொழும்புக்கு இரசாயனச் சோதனைக்கு அனுப்பினாள். களைநாசினி என்று முடிவு வந்தது.

விவசாயிகளின் கூட்டத்தில் அந்தத் தாளை அவள் வாசித்து முடித்ததும் ஒருவர் எழும்பினார்.

“உங்கள இங்க ஆரு அனுப்பினது?”

எல்லாக் கண்களும் அவள்மேல் விழுந்தன. பின்வரிசையில் கதிரை ஒன்று நகரும் சத்தம் கேட்டது.

“நான்தான் கூட்டி வந்தன்,” என்றார் வினாயகமூர்த்தி. “என்னக் கேளுங்க.”

கடைசியில் விவசாயிகள், மருந்தடித்து ஒரு கிழமைக்குத் தண்ணீர் திறப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். எத்தனை பேர் அதன்படி நடப்பார்கள் என்பதில் நிஸ்மியாவுக்கும் வினாயகமூர்த்திக்கும் நம்பிக்கை இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் வாய்க்கால் வாயிலும் ஒரு போத்தல் அள்ளுவதென்று முடிவு செய்தார்கள், இந்தமுறை இருவருமாகப் போய்.