துண்டுக்குள் ஒரு கை

தசரதனின் உயிருக்கு முதலில் சொன்ன விலை ஐந்து ரூபாய். நான் ஒன்றேகாலுக்கு முடித்தேன்.

முகம் சுளிக்க வேண்டாம். நான் வேலூர் மண்டியில் வளர்ந்தவன். அங்கே வாங்குகிறவனும் விற்கிறவனும் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். பிடித்த விரல் எத்தனையோ அத்தனை ரூபாய். விரலைப் பாதியில் அழுத்தினால் அரை. நகத்தைத் தொட்டால் கால். வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், கை வியாபாரத்தை முடித்துவிடும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியாது. இருபது வருஷம் கை பிடித்தவன் நான். ஈரமான கை இறங்கி வரும். நடுங்குகிற கைக்குக் கடன் இருக்கிறது. பஞ்சுபோல் கிடக்கிற கை, விற்க வந்ததே பொய் என்று சொல்லும். முகத்தை நம்பி நான் ஒரு படி உளுந்துகூட வாங்கியதில்லை.

தங்கச் சுரங்கத்தை நம்பிக் கோலார் பக்கம் வந்து, மைசூர் மைன்ஸ் கம்பெனித் தட்டி லைனில் அரிசிக்கடை போட்டேன். லைன் என்றால் மூங்கில் தட்டியில் வரிசையாகக் கட்டிய குடிசைகள். முதல் கதவு என் கடை. அப்புறம் பன்னிரண்டு குடிசை. ஒரு குடிசைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரே தட்டிதான் சுவர். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் தும்முவது நாமாக இருக்கும். எனக்கு அடுத்த குடிசையில் தசரதன். சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடுகிறவன். அவன் பெண்டாட்டி ரத்தினம்மா. என்னை அண்ணே என்பாள்; கடன் சொல்லும்போது மட்டும் செட்டியாரே என்பாள்.

ஆயிரத்தெண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டாம் வருஷம் முடியும்போது பிளேக் வந்தது. முதலில் எலிகள் செத்தன. பிறகு சர்க்கார் வந்தது. எதற்கு அதிகமாகப் பயந்தோம் என்று கேட்டால், எலி எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

சர்க்கார் ஆட்கள் ஒவ்வொரு கதவிலும் சுண்ணாம்புக்கட்டியால் உள்ளே எத்தனை தலை என்று எழுதினார்கள். எங்கள் லைனில் பதின்மூன்று கதவு, ஐம்பத்தேழு தலை. தினமும் காலையில் எண்ணுவார்கள். ஒரு தலை குறைந்தால் கேள்வி, கூடினாலும் கேள்வி. ஆணோ பெண்ணோ, அக்குளிலும் தொடையிடுக்கிலும் கைவைத்துப் பார்ப்பார்கள். கட்டி இருந்தால் ஆளை மேட்டில் போட்டிருந்த பிளேக் கொட்டகைக்குத் தூக்குவார்கள், குடிசையைக் கொளுத்துவார்கள். மேட்டுக் கொட்டகைக்குப் போனவர்களில் நடந்து திரும்பியவர் ஒருவரை நான் பார்த்ததில்லை. கொளுத்தும்போது நெருப்புக்குத் தட்டிச் சுவர் எது, என் கடைச் சுவர் எது என்று தெரியுமா? உள்ளே பதினெட்டு மூட்டை அரிசி.

ஊருக்கு ஓடிவிடலாமே என்பீர்கள். ஓடுகிறவனை ரயிலடியில் மைசூர் சர்க்கார் டாக்டர் நிறுத்துவார். அவரிடம் தப்பினால் ஜோலார்ப்பேட்டையில் மெட்ராஸ் சர்க்கார் டாக்டர். அவரிடமும் தப்பி ஊர் போய்ச் சேர்ந்தால், பத்து நாள் தினமும் சர்க்கார் ஆளிடம் போய் முகம் காட்ட வேண்டும். இதற்குள் கம்பெனி பெயரை அடித்துவிடும். ஒரு சர்க்கார் வெளியே விடாது, ஒரு சர்க்கார் உள்ளே விடாது, கம்பெனிக்கோ ஷிப்டில் ஆள் குறையக் கூடாது. ஆக, இருந்த இடத்திலேயே பயந்துகொண்டிருப்பதுதான் மலிவு.

அந்தத் திங்கட்கிழமை தசரதன் கால் கட்டைவிரலில் துளைக்கம்பி விழுந்தது. புதன்கிழமை விரல் கத்திரிக்காய் ஆயிற்று. வியாழக்கிழமை தொடையிடுக்கில் நெறி கட்டி, காய்ச்சலும் வந்தது. காலில் புண் வந்தால் தொடையில் நெறி கட்டும் என்பது எங்கள் பக்கத்து ஆடுமாடுகளுக்குக்கூடத் தெரியும். சர்க்காருக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

"அண்ணே, ரெண்டு ஷிப்டு போவல. ஆபீஸ்ல இருந்து பேரு போயிருக்குமா?" ரத்தினம்மா தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

போயிருக்கும். வேலைக்கு வராதவர்களின் பெயரைக் கம்பெனி தினமும் பிளேக் ஆபீசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எண்ணுவதற்குப் பிளேக் ஆபீஸ் சேவகன் வந்தான். பெயர் கொர்னேலியஸ். பெங்களூர் தண்டு என்கிற கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழன். முன்பு அம்மை குத்துகிறவர்களோடு பெட்டி தூக்கியவன். இப்போது காக்கிச் சட்டை, இடுப்பில் சுண்ணாம்புக்கட்டிப் பை, கையில் ரிஜிஸ்தர். லைன் முனையில் துப்பாக்கியோடு ஒரு கான்ஸ்டபிள் நின்றான். புளியமரத்தடியில் நாற்காலி போட்டு டாக்டர் துரை உட்கார்ந்திருந்தார். துரை யாரையும் தொடுவதில்லை. தொடுவதெல்லாம் கொர்னேலியஸ்.

கர்ச்சீப்பை வாயில் வைத்து இருமிக்கொண்டே என் அக்குளைப் பார்த்தான். "செட்டியாருக்கு ஒண்ணும் இல்ல, கொழுப்புதான்."

"அதுக்கு ரிஜிஸ்தர்ல இடம் இருக்குதா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. அடுத்த கதவுக்குப் போனான். தட்டி வழியாக எல்லாம் கேட்டது.

"இது இன்னாடா?"

"நெறிங்க. கால்ல அடிபட்டுச்சு. பாருங்க, இந்த வெரலப் பாருங்க," ரத்தினம்மாவின் குரல் மேலே மேலே போனது.

"வெரலு உனக்குத்தான்மா. கட்டிதான் சர்க்காருக்கு. கட்டின்னு எழுத ஒரு கட்டம் வச்சிருக்காங்க. வெரலுன்னு எழுதக் கட்டம் இல்ல."

"ஐயோ, அங்க இட்டுக்கினு போனா இல்லாத நோவும் வந்துடுமே சாமி!"

நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அதில் பாதி தர்மம், பாதி தட்டிச் சுவர். எது பெரிய பாதி என்று அன்றைக்கும் நான் நிறுத்துப் பார்க்கவில்லை.

"கொர்னேலியஸ், உள்ள வாங்க. ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போங்க."

அவனுக்குப் புரிந்தது. மூட்டைகளுக்குப் பின்னால் வந்து நின்றான். கையை நீட்டினான். நான் துண்டைப் போட்டேன்.

"இந்த வருஷம் பனி அதிகம்," என்றேன்.

"ஆமா, அதிகம்," என்றான். என் ஐந்து விரலையும் பிடித்தான். ஐந்து ரூபாய். தசரதனுக்குப் பத்து நாள் கூலி.

அந்த விலை எனக்கு உறைக்கவேயில்லை. அந்தக் கை கடலை வறுக்கும் சட்டிபோல் கொதித்தது. வேர்வை இல்லை. விரலுக்குள்ளே நாடி எலிபோல் ஓடியது. இருபது வருஷத்தில் அப்படி ஒரு கையை நான் பிடித்ததில்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் சிவந்து, குடித்தவனைப்போல் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தான். குடிக்கவில்லை என்பதை மூக்கு சொன்னது. கர்ச்சீப்பின் மடிப்பில் துருப்பிடித்தாற்போல் ரத்தக் கறை. நெஞ்சில் இறங்கிய பிளேக், இருமினால் ஒட்டும்.

நான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான்.

துண்டுக்குள் ஒரு விரலை அவனே விட்டான். நாலு.

"எத்தன நாளா?" என்றேன்.

"நேத்து சாயங்காலத்துல இருந்து."

"உங்கள யாரு தொட்டுப் பாக்கறது?"

"எங்கள யாரு பாப்பாங்க? நாங்கதான சர்க்காரு." இன்னொரு விரலை விட்டான். மூன்று. குரல் இறங்கிவிட்டது. "செட்டியாரே, அந்தக் கொட்டகைக்கு நான் நாப்பது பேரத் தூக்கிக்கினு போயிருக்கேன். உள்ள இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும். என்ன அங்க அனுப்பாதீங்க. உங்க காலப் புடிக்கிறேன்."

அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. கையை உதறிவிட்டுப் புளியமரத்தைப் பார்த்துக் கத்தியிருக்க வேண்டும். கத்தியிருந்தால் துரை எழுந்து வந்திருப்பார். கொர்னேலியஸ் மூன்றாம் கதவைத் தொட்டிருக்க மாட்டான். ஆனால் அவனும் சும்மா இருந்திருக்க மாட்டான். ரிஜிஸ்தரில் தசரதன் ஏறியிருப்பான். எல்லாம் தெரிந்துதான் நின்றேன். நான் பயந்துகொண்டிருக்கும்போதே, வளர்ந்த வளர்ப்பு தன் வேலையைச் செய்தது. விற்கிறவனுக்கு அவசரம் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. நான் அழுத்தினேன். இரண்டு. இன்னும் அழுத்தினேன். ஒன்று. அவனுக்கும் ஒரு மானம் இருந்தது. என் இரண்டாம் விரலின் நகத்தைத் தொட்டான். ஒன்றேகால்.

துண்டை எடுத்தேன். காசைப் பெட்டிமேல் வைத்தேன். கையில் கொடுக்கத் தைரியம் வரவில்லை. "தசரதன். கால் காயம். கட்டி இல்லை" என்று எழுதினான். எழுத்து கோணலாக ஓடியது. அந்தக் கதவில் சுண்ணாம்புக்கட்டியால் இரண்டு தலை என்று போட்டுவிட்டு மூன்றாம் கதவுக்குப் போனான்.

நான் கடைவாசலில் நின்று வலது கையில் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தேன். தோல் எரிந்தது. கொர்னேலியஸின் இருமல் கதவு கதவாக நகர்ந்தது. நாலு. ஐந்து. ஏழாம் கதவில் மரியகுழந்தை தன் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அவன் அதன் அக்குளைத் தடவிவிட்டு, முகத்துக்கு நேரே இருமினான். குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது.

"இன்னாண்ணே, கையத் தேய்ச்சிக்கினே கீறீங்க?" ரத்தினம்மா பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

சொன்னேன். மண்டியில் வளர்ந்தவன் நஷ்டத்தைத் தனியாகச் சுமக்க மாட்டான்.

அவள் ஏழாம் கதவைப் பார்த்தாள். மரியகுழந்தையும் அவளும் ஒரே குழாயடி; சண்டையும் அங்கேதான், சமாதானமும் அங்கேதான். பத்தடியில் கான்ஸ்டபிள் நின்றான். ரத்தினம்மாவின் வாய் திறந்தது.

"நீங்க சொன்னா, இவர இட்டுக்கினு பூடுவாங்களா?"

"போயிடுவாங்க."

உள்ளேயிருந்து தசரதன் தண்ணீர் கேட்டான். அவள் வாயை மூடினாள். உள்ளே போய், தட்டிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை எண்ண வந்தவன் வேறு ஆள். கொர்னேலியஸ் பாலகாட் சுரங்கத்துக்குப் போகிற பாதையில் விழுந்து கிடந்தானாம். தூக்கும்போதே மூச்சு இல்லையாம். அவன் தொட்ட கதவுகளைச் சர்க்கார் தேட வேண்டியிருக்கவில்லை. ஒன்றுவிடாமல், வரிசையாக, கோணல் எழுத்தில் அவனே ரிஜிஸ்தரில் எழுதி வைத்திருந்தான். மதியத்துக்குள் லைனைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். நாங்கள் ஐம்பத்தேழு பேரும் கையில் எடுத்ததோடு வெளியே வந்தோம். எல்லா வீட்டையும் கொளுத்தினார்கள். என் பதினெட்டு மூட்டையும் வெந்தது. நல்ல அரிசி, சோறு வடிக்கிற வாசனைதான் வந்தது. வயிறு பசித்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கம்.

கேம்ப்பில் பத்து நாள். ஒரு பொட்டல் வெளி, கூடாரங்கள், சுற்றிலும் போலீஸ். சும்மா சொல்லக் கூடாது. அரிசி கொடுத்தார்கள், பருப்பு கொடுத்தார்கள், கொதிக்கவைத்த தண்ணீர் கொடுத்தார்கள். லைனில் ஒரு நாளும் கிடைக்காத கக்கூஸ்கூட அங்கே இருந்தது. எங்களைக் காப்பாற்ற வந்ததும் தூக்கிப்போக வந்ததும் ஒரே சர்க்கார், ஒரே சட்டை. அடுத்து எதற்காக வரும் என்றுதான் தெரியவில்லை. தினமும் விடிந்ததும் என் அக்குளை நானே தடவிப் பார்ப்பேன். பிறகு இருமிப் பார்ப்பேன். தொண்டை கரகரத்தால் அன்றோடு என் கணக்கு முடிந்தது என்று நினைப்பேன். வலது கையை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. இடது கையால் தின்றேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ரத்தினம்மா சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் மரியகுழந்தையின் கைக்குழந்தை இருமியது. அன்று மாலையே மூன்றாம் கதவுக்காரர்களும் ஐந்தாம் கதவுக்காரர்களும் இருமினார்கள். கூடாரத் துணிக்கு அந்தப் பக்கம் யார் இருமினாலும் அது எந்தக் கதவு என்று கணக்குப் பார்ப்பேன். இருமல் நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மரியகுழந்தை கடைசிவரை ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "எங்க ஊட்ல எலியே சாவலயே, இது எப்பிடி வந்துச்சு?" நானும் தலையை ஆட்டி, "அதுதான் தெரியல," என்றேன். நான் விற்ற பொய்களில் அதற்கு மட்டும் விலை வாங்கவில்லை.

தசரதனின் விரல் பழுத்து உடைந்தது. நெறி இறங்கியது. பத்தாம் நாள் கேம்ப் கதவைத் தாண்டி நொண்டி நொண்டி நடந்தான். "செட்டியாரே, உங்க தயவு," என்று கும்பிட்டான். அவனுக்கு விலை மட்டும்தான் தெரியும். ரத்தினம்மா மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுத் தட்டி கட்டிக் கடை வைத்திருக்கிறேன். அவள் உப்பு வாங்க வருகிறாள். அண்ணே என்பதில்லை, செட்டியாரே என்பதும் இல்லை. காசைப் பெட்டிமேல் வைக்கிறாள், கையில் தருவதில்லை. எனக்கும் அதுவே சௌகரியம். அதற்குப் பிறகு நான் யாரோடும் துண்டு போட்டு விரல் பிடித்ததில்லை. வாயாலேயே விலை சொல்கிறேன், நஷ்டம்தான்.

வருஷக் கடைசியில் எல்லாக் கணக்கையும் முடித்துவிட்டேன். இது ஒன்றுதான் முடியவில்லை. பேரத்தில் மிச்சம் மூன்றேமுக்கால் ரூபாய். எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் தனி முடிச்சாகக் கிடக்கிறது. மற்றது இப்படி:

கதவில் எழுதிய தலை ஐம்பத்தேழு. கேம்ப்பிலிருந்து நடந்து வந்தது நாற்பத்துநாலு. ஏழாம் கதவில் ஐந்து எழுதியிருந்தது, வந்தவர் இல்லை. சர்க்கார் கணக்கில் போனது பதின்மூன்று. கொர்னேலியஸ் எந்தக் கதவிலும் எழுதப்படாத தலை. என் கணக்கில் அவனையும் சேர்த்துப் பதினான்கு.

வரவு, தசரதன், ஒன்று.

நிலுவை, பதின்மூன்று.