இறுகிப்போன பிஸ்டன்

அண்ணனைக் கொன்ற மோட்டார் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று சொல்லாதவர்கள் பாக்கியில்லை. அண்ணி மட்டும் மசியவில்லை. ஈ காக்கை இல்லாத நேர்ச்சாலையில் பின்சக்கரம் ஏன் இறுகி ஆளைத் தூக்கி அடித்தது? கண்மண் தெரியாமல் ஓட்டியிருப்பான் என்று துக்கம் கேட்க வந்தவர்களே வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பேச்சு அவளை அரித்துத் தின்றது. பிரித்துப் பார்த்துக் காரணத்தைச் சொல் என்று கொழுந்தனைக் கேட்டாள்.

கொழுந்தன் மெக்கானிக். சமையலறைக்குப் பின்னாலிருந்த அறையில் சாக்கு விரித்து வேலையை ஆரம்பித்தான். சிலிண்டர் லேசில் கழன்று வரவில்லை. தட்டித் தட்டி எடுத்தபோது பிஸ்டன் உடம்பெல்லாம் கீறலோடு வறண்டு கிடந்தது. அந்தக் காலத்து வண்டி. பெட்ரோலில் எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் என்ஜின் சூடேறி இறுகிவிடும். டாங்கில் மிச்சமிருந்ததைக் காகிதத்தில் சொட்டுவிட்டான். காய்ந்த பிறகு எண்ணெய்க் கறையே இல்லை. சாப்பிட மறந்தாலும் அண்ணன் எண்ணெய் கலக்க மறக்கிற ஆளில்லை.

அண்ணி டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்ரோல் தீர்ந்து நின்றிருக்காது என்று அவளாகவே சொன்னாள்.

"முந்தின நாள் அவருக்குக் காய்ச்சல். அலைய வேண்டாமேன்னு நான்தான் கேன்ல வாங்கிட்டு வந்து ஊத்தி வெச்சேன். அவர்கிட்ட சொல்லக்கூட இல்ல."

அவன் காகிதத்தைக் கசக்கிச் சட்டைப் பைக்குள் திணித்தான். உண்மையைச் சொன்னால் இவள் உயிரோடு இருக்க மாட்டாள். வேகமாகப் போனான் என்று சொன்னால் செத்தவன் பேரைக் கெடுத்த பாவம். விபத்துக்குச் சில நாள் முன்புதான் கொழுந்தன் இந்த வண்டிக்குப் புது பிஸ்டன் போட்டிருந்தான். ஒரு குறையும் இல்லாமல்தான் போட்டிருந்தான்.

"நான் போட்ட பிஸ்டன்தான் அண்ணி. அளவு பாக்காம இறுக்கமாப் போட்டுட்டேன்."

அவள் அழவில்லை.

"அப்ப அவர் மேல தப்பில்ல."

"இல்ல அண்ணி."

"சரி. நீ கிளம்பு. இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராத."

வேறு மெக்கானிக் யாராவது பின்னால் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று, போகும்முன் மிச்சப் பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டினான். பிறகு கைகூடக் கழுவாமல் வெளியே வந்தான். தாயில்லாத அவனுக்கு இத்தனை வருஷமாகச் சோறு போட்டவள் அவள் ஒருத்திதான்.