வீட்டில் எத்தனை பேர்?

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. அழைத்தவள் என் அக்கா. அவள் என்னிடம் கதை கேட்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள். அதைச் சொல்லத் துப்பில்லாமல்தான் இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிறவன் பிழைப்பு இப்படித்தான். ஒரு வேலை சொன்னால், செய்வதை விட்டுவிட்டு வர்ணிக்க ஆரம்பித்துவிடுவான்.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"மூன்று பக்கமும் ஆறு அணைத்துக்கொண்டு ஓட, அதன் மடியில் கண்ணயர்ந்த அந்தச் சிற்றூர்"

[அடித்துவிட்டேன். ஆறு யாரையும் அணைக்கவில்லை. வழியை மறித்துக்கொண்டு ஓடுகிறது. நாலாவது பக்கம் குன்று.]

"ஊரின் மக்கள்தொகை ஐயாயிரத்துச் சொச்சம். அதில் நான்"

[அதில் நான் என்ன? இங்கே பேனா நின்றுவிட்டது. மூன்றாவது தொடக்கத்தை உங்களிடம் காட்ட வெட்கமாக இருக்கிறது. அதில் நான் நல்லவனாக வருகிறேன்.]

2

முதலில் பூகோளத்தை முடித்துவிடுகிறேன். கடைத்தெரு ஒன்று. அதிலிருந்து ஆற்றைப் பார்த்துச் சரியும் சந்துகள். சந்துகள் முடியும் இடத்தில் படகுத்துறை. பெரிய மருத்துவமனை, துணிக்கடைகள், சம்பளம் தரும் வேலைகள் எல்லாம் எதிர்க்கரையில். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது மற்ற ஊர்களில் பழமொழி. எங்கள் ஊரில் அது நில அமைப்பு. படகிருந்தால் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் அக்கரை. இல்லாவிட்டால் குன்றைச் சுற்றிப் பேருந்தில் அரை நாள்.

அம்மா தையல்காரி. எதிர்க்கரைக் கடைக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். காலையில் மூட்டையோடு படகேறிப் போய், புதுத் துணி வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவாள். அது அரசாங்கப் படகு, இலவசம். ஆனால் சிற்றூர்களுக்கு மட்டும். ஐயாயிரம் பேரைத் தாண்டினால் அது நகரம். நகரம் தன் பாலத்தைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி.

போன மக்கள்தொகைக் கணக்கில் எங்கள் ஊர் தாண்டிவிட்டது. படகு நின்றது. பாலம் வரவில்லை. இப்போது அம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் போகிறாள். அவள் போய்ச் சேர்வதற்குள் கடைக்காரர் துணியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறார். இப்படியே போனால் அந்த வேலையும் கைவிட்டுப் போகும்.

"ஐயாயிரம் பேராம்டா," என்றாள் அக்கா. அவள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. "என் வகுப்புல வந்து பாரு. பெஞ்சுங்கதான் வரிசையா உக்காந்திருக்கு."

3

எப்படி இது நடந்தது? கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று "வீட்ல எத்தனை பேரு?" என்று கேட்டபோது, ஊரை விட்டுப் போன பிள்ளையை ஒரு வீடும் விட்டுக்கொடுக்கவில்லை. போய்விட்டான் என்று வாய்விட்டுச் சொல்வது எங்கள் ஊரில் மானக்கேடு. "வெளியில போயிருக்கான், வந்துருவான்" என்பார்கள். அவனுக்கென்று ஓர் அறை பூட்டிக் கிடக்கும். வாரத்துக்கு ஒருமுறை திறந்து, பெருக்கி, மறுபடி பூட்டுவார்கள். அந்தக் காலி அறைகளையும் எண்ணித்தான் நாங்கள் நகரமானோம்.

படகைத் திரும்பக் கேட்டு ஊரார் மனு கொடுத்து, மறு கணக்குக்கு அனுமதி வாங்கினார்கள். ஊர்க்கூட்டம் போட்டார்கள். முடிவெட்டுபவர் எழுந்து நின்றார்.

"தலைய எண்ணணும்னா என்னைக் கேளுங்க. எந்தத் தலை ஊர்ல இருக்கு, எது இல்லன்னு எனக்குத் தெரியாதா? மானம் பாத்தா படகு வராது. இல்லாதவன இல்லன்னு சொல்லிடுவோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். இன்று அதிகாரி வந்தார். முதல் வீடு முடிவெட்டுபவருடையதுதான். வீட்டில் இருப்பது அவரும் மனைவியும்.

"எத்தனை பேரு?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மனைவியைப் பார்த்தார்.

"மூணு," என்றார். "பையன் வெளியில போயிருக்கான்."

(அடிக்குறிப்பு போல ஒன்று: இவரை ஒரு கோமாளியாக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கை வரவில்லை. யாரைப் பார்த்து யார் சிரிப்பது?)

அவரே அப்படிச் சொன்ன பிறகு அடுத்த வீடு மட்டும் என்ன செய்யும்? அதற்கடுத்த வீடும் அப்படியே சொன்னது.

4

அக்கா என்னை அழைத்தது அப்போதுதான்.

"நம்ம சந்துக்குள்ள நுழைஞ்சிட்டாருடா. அம்மா உன்னையும் சேத்துத்தான் சொல்லும். நான் சொன்னா கேக்காது. நீயே சொல்லு, 'நான் அங்க இல்லம்மா'ன்னு. ஒரு வீடு துணிஞ்சு சொல்லிட்டா மத்தவங்களும் மாத்திச் சொல்லிடுவாங்க."

"நானா?"

"பின்ன? போனது நீதான?"

போனை அம்மாவிடம் கொடுத்தாள். தையல் எந்திரம் நிற்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, அந்தக் கணக்கு விஷயமா..."

"உங்க அக்கா நான் பொய் சொல்றேங்கிறாப்பா. நான் எங்க பொய் சொன்னேன்? ஒவ்வொரு தடவ பேசறப்பவும் நீதான சொல்ற, அடுத்த மாசம் வந்துடறேன்னு? நீ சொன்னததான் நான் சொன்னேன்."

குத்திக்காட்டவில்லை. அவள் குரலில் அப்படி எதுவும் இல்லை. நியாயமாகக் கேட்டாள். எனக்குத்தான் காது வரைக்கும் சுட்டது.

அடுத்த மாதம் என்பதை நான் பேச்சை முடிக்கத்தான் வைத்திருந்தேன். "சரி, வைக்கிறேன்" என்பதற்குக் கொஞ்சம் மரியாதையான வடிவம். இத்தனை வருடமாக அதை நம்பி ஒருத்தி அறையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். ஊர் கௌரவத்துக்காகப் பொய் சொன்னது என்று மேலே எழுதினேனா? அதை அடித்துவிடுங்கள். ஊர் பொய் சொல்லவில்லை. போனவர்கள் சொன்னதை வீட்டில் இருந்தவர்கள் வாசலில் வந்து திருப்பிச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

5

"இந்தாங்க சார், பையன்கிட்டயே கேட்டுக்குங்க," என்று அம்மா யாரிடமோ சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம் சார்," என்றது புதுக்குரல். "நீங்க இந்த வீட்லதான் இருக்கீங்களா, இல்ல வெளியூர்லயே தங்கிட்டீங்களா? எதுன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

முடிவு, முதல் வடிவம்: நான் தெளிவாகச் சொல்கிறேன். சந்தில் ஒவ்வொரு கதவாகத் திறக்கிறது, ஒவ்வொருவராக உண்மையைச் சொல்கிறார்கள். படகு வருகிறது. [அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் அம்மாவின் முகத்தை என்னால் எழுத முடியவில்லை.]

முடிவு, இரண்டாம் வடிவம்: வேலையை உதறிவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்து ஊருக்கே [இதை நம்புகிறவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.]

நடந்ததைச் சொல்கிறேன்.

"ஹலோ," என்றேன். "ஹலோ... ஒண்ணும் கேக்கல... சிக்னல் இல்ல போல."

எல்லாம் கேட்டது. தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்தியதுகூடக் கேட்டது.

"தம்பி, இப்பக் கேக்குதாப்பா?" என்றாள் அம்மா. கொஞ்சம் சத்தமாக, எனக்குச் சிரமமில்லாமல் கேட்கட்டும் என்று.

இன்னொரு "ஹலோ" சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

6

அக்காவிடமிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. "நம்ம வீட்ட மட்டும் எழுதாம விட்டுட்டுப் போயிருக்காரு. நாளைக்குக் காலைல வருவாரு. நீ என்ன சொல்றேன்னுதான் எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க. போன எடுடா."

போன் மேஜை மேல் கிடக்கிறது. இந்தப் பத்தியை எழுதும்போதும் அடிக்கிறது. திரையில் வீட்டு எண். அம்மாவாகத்தான் இருக்கும், அக்கா தன் போனிலிருந்துதான் கூப்பிடுவாள். கதையை முடித்துவிட்டு எடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதனால்தான் கதை முடியமாட்டேன் என்கிறது.

நீங்கள் எடுங்கள். சிக்னல் சரியில்லை என்று ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறேன், குரலில் வித்தியாசம் தெரியாது. என்ன சொல்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். அடுத்த மாதம் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் நம்பிவிடுவாள்.