நாலுகம்பியின் புது பேஸ் கிட்டார்

கச்சேரிக் குழுவில் அவருக்குப் பெயர் நாலுகம்பி. முப்பது வருஷமாக பேஸ் கிட்டார் வாசிக்கிற மனிதர். ஒவ்வொரு கச்சேரியிலும் யாராவது ஒருவர் மேடைக்குக் கிட்டே வந்து, "என்ன சார், உங்க கிட்டார்ல ரெண்டு கம்பியைக் காணோமே, அறுந்துபோச்சா?" என்று கேட்காமல் போனதில்லை. பேஸ் கிட்டாருக்கு நாலு கம்பிதான் என்று ஆரம்பத்தில் விளக்கம் சொல்லிப் பார்த்தார். பிறகு, "ஆமா, அந்த ரெண்டுலயும் வீட்டுல துணி காயுது" என்று சொல்லப் பழகிக்கொண்டார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

வார நாட்களில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. சனி, ஞாயிறு வந்தால் கச்சேரி. குழுவை நடத்துவது அவர் தங்கையின் புருஷன். கீபோர்டு வாசிப்பவர். நாலுகம்பி அவரை மாப்பிள்ளை என்பார். மாப்பிள்ளை இவரை மச்சான் என்பார். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த சேர்க்கை. மேடையில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே பாட்டை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தார்கள்.

இரண்டு மூன்று வருஷமாகத்தான் ஏதோ சரியில்லை. சுரம் சுத்தமாக விழவில்லை. கம்பி எங்கோ உரசிக் கரகரத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கச்சேரி முடிந்ததும் மாப்பிள்ளை தயங்கித் தயங்கி, "மச்சான், தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாடி போறீங்க" என்றார். நாலுகம்பிக்கு அது சுருக்கென்று தைத்தது. ஒரு வாரம் ராப்பகலாகத் தாளப்பெட்டியைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்தார். அதற்குப் பிறகு மாப்பிள்ளை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சரிசெய்துவிட்டோம் என்று இவரும் நிம்மதியானார்.

ஆனாலும் கரகரப்பு போகவில்லை. இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் வேறு அடிக்கடி மரத்துப்போயின. பழைய கிட்டார்மேல்தான் அவருக்குச் சந்தேகம். "கழுத்து வளைஞ்சுபோச்சு. கம்பி ஒரு முழம் உயரத்துல நிக்குது. அழுத்தி அழுத்தியே விரல் செத்துப்போகுது" என்று மனைவியிடம் புலம்பினார். மனைவி, "அப்ப நல்லதா ஒண்ணு வாங்கிடுங்களேன்" என்றாள். அவ்வளவு சுலபத்தில் அவள் சம்மதிப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

கிட்டார் செய்து தரும் பட்டறை ஒரு டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. நடத்துவது நாற்பது வயதுப் பெண்மணி. தலைமுடியில் எப்போதும் மரத்தூள். இவரைப் போன்ற ஆட்களைப் பார்த்துப் பழக்கம் போலிருக்கிறது, "என்ன வேணும்?" என்று கேட்கவில்லை. "எது தொந்தரவு பண்ணுது?" என்று கேட்டாள்.

சுவரில் ஏழெட்டு பேஸ் கிட்டார்கள் தொங்கின. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நாலுகம்பி நிதானமாகப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நேராக ஓடுகிறதா என்று நோக்கினார். கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டைகளின் ஓரம் கையைக் கீறுகிறதா என்று விரலை மேலும் கீழும் ஓட்டினார். ஒயரை மாட்டாமலே ஒரு கம்பியை மீட்டிவிட்டு, கிட்டாரின் கொம்பில் தாடையை வைத்து, அதிர்வு எத்தனை நேரம் நிற்கிறது என்று கேட்டார். வெறும் மரமாகப் பேசாத கிட்டார், மின்சாரம் கொடுத்தாலும் பேசாது என்பது அவர் கட்சி.

"சார் விஷயம் தெரிஞ்சவர்" என்றாள் அவள்.

"முப்பது வருஷம்மா."

"அப்படியே உக்காந்து ஒரு பாட்டு வாசிங்களேன்."

வாசித்தார். அவள் கிட்டாரைப் பார்க்கவில்லை. இவர் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் சொன்னாள்: "சுண்டுவிரல் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் நடுவிரலைக் கொண்டு போறீங்க. கையை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

நாலுகம்பிக்குச் சட்டென்று கோபம் வந்தது. "நான் கிட்டார் வாங்க வந்தேன். வைத்தியம் பார்க்க வரலை."

அவள் அதற்குமேல் வாதாடவில்லை. ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவர் உள்ளங்கையை விரித்து அளவெடுத்தாள். கழுத்து நான்கு அங்குலம் குட்டையாக இருக்கட்டும், விரல் ரொம்ப எட்ட வேண்டாம் என்றாள். கழுத்தின் முதுகை இன்னும் மெலிசாகச் சீவிவிடலாம் என்றாள். எடை இல்லாத மரம்; வழுவழுவென்ற மெல்லிய கம்பி; தலைப்பக்கம் தொங்காதபடி, கம்பியை முறுக்கச் சின்னச் சின்ன முடுக்காணிகள். கம்பி குட்டையானால் சத்தத்தில் கனம் குறையும், அதை ஈடுகட்ட உள்ளே பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர். நிறம் மட்டும் இவர் சொன்னது: கருஞ்சிவப்பு, பளபளப்பு வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து கிட்டார் வந்தது. கையில் வாங்கிய நாலுகம்பி அதை ஒருமுறை தூக்கி இறக்கிப் பார்த்தார். ஒரு குழந்தையின் எடைதான் இருக்கும். கம்பியில் விரலை வைத்தால் போதும், அதுவே அழுந்தியது. பட்டறைக்காரி ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னாள்: "வாசிச்சு முடிச்சதும் ஒயரைப் பிடுங்கிடுங்க சார். ஒயர் மாட்டியிருக்கிற வரைக்கும் பேட்டரி ஓடிக்கிட்டே இருக்கும்."

இவர் தலையாட்டினார். ஆனால் காதில் வாங்கவில்லை. வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, நினைத்த நேரத்தில் எடுத்து வாசிக்கத் தோதாக ஒயரோடேயே வைத்திருந்தார். பல் தேய்க்கப் போகும்போது ஒரு தட்டு, வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தட்டு. கச்சேரி இல்லாத அந்த மூன்று வாரமும் மனிதர் தரையில் நிற்கவில்லை. "புது மாப்பிள்ளை தோத்தான் போங்க" என்று மனைவி சிரித்தாள். சிரித்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது ஏன் என்று அவர் அப்போது யோசிக்கவில்லை.

புதுக் கிட்டாரோடு முதல் கச்சேரி, ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. மத்தியான நேரம். சாப்பாடு முடிந்த கூட்டம், பாதி பேருக்குக் கண் சொருகியது. மாப்பிள்ளை கிட்டாரைத் தடவிப் பார்த்து, "ரொம்ப அழகா இருக்கு மச்சான்" என்றார். குரல் என்னவோ போலிருந்தது.

மேடையில் நாலுகம்பிக்குப் பின்னால் அவருடைய சின்ன ஸ்பீக்கர். தான் வாசிப்பது தனக்குக் கேட்க அது. அங்கிருந்து ஒரு ஒயர் மிக்ஸருக்குப் போய், மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கர்களில் கூட்டத்துக்குக் கேட்கும். முதல் மூன்று பாட்டு அருமையாகப் போயின. நாலாவது, எல்லோரும் எழுந்து ஆடுகிற பாட்டு. பேஸ்தான் அதற்கு உயிர். பாதியில் அவருடைய ஸ்பீக்கர் கரகரவென்று இருமியது. சத்தம் நசுங்கிச் சிறுத்து, சுத்தமாக நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

நாலுகம்பி கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். பாட்டு இடிந்து விழப்போகிறது, எல்லோரும் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று கண்ணை இறுக்கிக்கொண்டார்.

ஒன்றும் விழவில்லை. மண்டபத்தில் பேஸ் கும் கும்மென்று போய்க்கொண்டே இருந்தது. அவர் காலுக்குக் கீழே பலகை அதிர்ந்தது. கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. அவர் விரல்கள் சும்மா இருந்தன, ஆனால் அவர் வாசிக்க வேண்டிய ஒவ்வொரு சுரமும் இம்மி பிசகாமல் அதனதன் இடத்தில் விழுந்தது.

மெல்லத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளையின் வலது கை மேலே பாட்டை வாசித்துக்கொண்டிருந்தது. இடது கை, கீபோர்டின் கடைசிக் கட்டைகளில், இவருடைய பேஸை வாசித்துக்கொண்டிருந்தது.

மீதிப் பாட்டுகளுக்கும் நாலுகம்பி மேடையில் நின்றார். சத்தம் வராத கிட்டாரில் விரலை அசைத்துக்கொண்டே நின்றார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

முடிந்ததும் நேராக மிக்ஸருக்குப் போனார். சவுண்டு பார்ப்பவனைக் குழுவில் பொத்தான் என்பார்கள். இவரைக் கண்டதும் அவன் எழுந்து நின்றான். சத்தத்தை ஏற்றி இறக்க வரிசையாக இருந்த தள்ளுகட்டைகளில் ஒன்றுக்குக் கீழே 'பேஸ்' என்று எழுதியிருந்தது. அது அடியோடு கீழே இறக்கப்பட்டிருந்தது. கை தவறி யாரும் மேலே ஏற்றிவிடாமலிருக்க அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தது. டேப்பின் ஓரம் அழுக்கேறிக் கறுத்திருந்தது.

"இது எப்ப ஒட்டினது?"

பொத்தான் வேன் பக்கம் கையைக் காட்டினான். "என்னைக் கேக்காதீங்கண்ணே. உங்க மாப்பிள்ளையைக் கேளுங்க."

மாப்பிள்ளை வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். இவர் நடந்து வருகிற விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது மச்சான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. பின்னாடி போறீங்கன்னு. அதுக்கே நீங்க ஒரு வாரம் சரியா சாப்பிடலை, தூங்கலைன்னு உங்க வீட்டுல அக்கா போன்ல அழுதாங்க. அப்புறம் எனக்கு வாய் வரலை."

"வேற ஆளைப் போட வேண்டியதுதானே?"

"உங்க இடத்துல இன்னொருத்தரை நிறுத்த மனசு வரலை."

"அதனால என்னையே பொம்மையாக்கி நிறுத்திட்டே."

வேன் டிரைவர் ஹாரனை ஒருமுறை தட்டிவிட்டு, நிலைமையைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். நாலுகம்பி வேனில் ஏறவில்லை. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கட்டில்மேல் வைத்துவிட்டுக் கேட்டார்: "உனக்கும் தெரியுமா?"

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். பிறகு, "தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுமா இதை வாங்கச் சொன்னே?"

"புதுசு வந்தா எல்லாம் சரியாயிடும்னு நீங்க அவ்வளவு நம்புனீங்க. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஒரு நப்பாசை."

அவர் சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போடவில்லை. ஜன்னலோரம் போய் உட்கார்ந்தவர் விளக்குப் போடும் நேரம் வரை எழுந்திருக்கவில்லை.

மறுவாரம், யாரும் சொல்லாமலே டாக்டரிடம் போனார். டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றியிருந்ததைக் காட்டினார். "முழங்கையை ஊன்றி வேலை செய்வீங்களா?" என்று கேட்டார். இருபத்தைந்து வருஷம் லிஃப்ட் குழிகளுக்குள் முழங்கையை ஊன்றிப் படுத்தவர் நாலுகம்பி. நரம்பு அங்கேதான் நசுங்கியிருந்தது. ஆபரேஷன் செய்தால் மேற்கொண்டு மோசமாகாது. போனது திரும்புமா என்று சொல்ல முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்த இரண்டு வருஷத்தையே நாலுகம்பி திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தார். மேடையில் யாராவது முகத்துக்கு நேராகத் திட்டியிருந்தால் அப்போதே வந்திருப்பாரே.

அடுத்த ஞாயிறு காலை மாப்பிள்ளை வந்தார். கச்சேரிக்குப் போகும் வழி. கீபோர்டையும் மேலே தூக்கி வந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வந்தவருக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நாலுகம்பியே சொன்னார்: "அதை எடுத்து வை. அந்த நாலாவது பாட்டு. வலது கையால மட்டும் வாசி."

பேட்டரி மாற்றியிருந்தார். இருவரும் ஆரம்பித்தார்கள். இரண்டு வரி சேர்ந்தே போனது. மூன்றாவது வரியின் முனையில் மாப்பிள்ளையின் கை, கண்ணுக்குத் தெரியாத அளவு, நின்று நின்று போனது. நாலுகம்பி கிட்டாரின்மேல் உள்ளங்கையை வைத்துச் சத்தத்தை அமுக்கினார்.

"நீ எனக்காக நிக்கிறே."

"ஆமா மச்சான்."

"நிக்காதே. மேடையில எப்படியோ அப்படி வாசி."

"வேண்டாமே மச்சான்."

"வாசிடா."

முப்பது வருஷத்தில் மாப்பிள்ளையை அவர் டா போட்டுக் கூப்பிட்டதில்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார். இந்த முறை நிற்கவில்லை. நாலுகம்பி இரண்டாவது வரியிலேயே பின்தங்கினார். ஓடிப் பிடிக்கப் பார்த்தார், சுண்டுவிரல் வழுக்கியது, ஒரு சுரம் தப்பியது, பிறகு இரண்டு. பாட்டு அவரை விட்டுவிட்டுத் தன்பாட்டுக்குப் போய், சரணம் தாண்டி, முடிந்தது. அவர் கடைசி வரிக்கு முந்தின வரியில் நின்றிருந்தார். சமையலறை வாசலில் அவர் மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"இப்ப சரி" என்றார் நாலுகம்பி. "இதை அன்னைக்கே பண்ணியிருக்கணும் நீ."

"மச்சான், இன்னைக்குக் கச்சேரிக்கு..."

"நான் வரலை. என் பேரை எடுத்துடு."

மாப்பிள்ளை கெஞ்சவில்லை. கெஞ்சினால் அதுவும் பொய்யாகிவிடும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. கீபோர்டைப் பெட்டியில் வைத்து மூடினார். லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடிக்கும் படிதான். பெட்டியின் ஒரு முனையை மாப்பிள்ளை தூக்க, மறுமுனையை நாலுகம்பி பிடித்துக்கொண்டார். திருப்பங்களில் மட்டும், "பார்த்து, சுவர்" என்றார் நாலுகம்பி.

அடுத்த மாதம் ஆபரேஷன் நடந்தது. மோசமாவது நின்றது. விரல்கள் திரும்பவில்லை. குழு இன்னும் அதே பாட்டுகளை வாசிக்கிறது. பேஸ் பிரமாதமாகக் கேட்கிறது என்று தங்கை ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கேக்கும். உன் வீட்டுக்காரருக்கு இடக்கை நல்ல கை" என்றார் அவர்.